வெளுப்பதற்கென்று ஒரு நீலம்

ஓரிக்கை தேவசகாயத்துக்குக் கல்யாணம் நடந்த அன்று அவன் விரல்கள் பத்தும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. முந்தின நாள் அவசர வேலை. யாரோ ஒரு வீட்டு முகூர்த்தச் சேலைக்குப் பட்டுநூல் தோய்த்துக் கொடுத்துவிட்டு இரவுதான் வீடு திரும்பினான். எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை, செங்கல் பொடி தேய்த்தும் போகவில்லை. சர்ச்சில் தாலி கட்டும்போது மணப்பெண் அன்னம்மாள் குனிந்த தலை நிமிராமல் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் முகத்தை அவள் சரியாகப் பார்த்தது மறுநாள் காலையில்தான்.

தேவசகாயத்துக்கு வேலை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், முனிரத்தினம் என்பவருடைய சாயப்பட்டறையில். விடிந்ததும் செம்பு அண்டாக்களுக்குக் கீழே விறகு பற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க ஆவி நிறைந்துவிடும். ஆளுக்கு ஆள் தெரியாது, குரல்தான் கேட்கும். அந்த ஆவிக்குள் நின்று, குச்சியில் கோத்த பட்டுச் சிட்டங்களை, அந்த நூல் கற்றைகளை, அண்டாவில் அமிழ்த்தித் திருப்பித் திருப்பி எடுப்பதுதான் அவன் வேலை. அவனுக்கு அந்த ஆவி பிடிக்கும். மற்றவர்கள் கண் எரிகிறது என்று வெளியே ஓடுவார்கள். அவன் மட்டும் உள்ளே நின்று, வெள்ளைச் சிட்டம் மெல்ல மெல்ல நிறம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாதி விழிப்பிலும் பாதிக் கனவிலும் இருப்பவனைப் போலிருக்கும் அவன் முகம். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவான்.

ஆனால் கை தவறாது. ஒரு சேலைக்கு வேண்டிய நூலில் முதல் சிட்டமும் கடைசிச் சிட்டமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் இளைத்துப் போனாலும், நெய்து முடித்த பிறகு சேலையின் உடலில் கோடு கோடாகத் தெரியும். ஒருமுறை அப்படி அல்ல, அதைவிட மோசமாக ஆகிவிட்டது. அவன் தோய்த்த அரக்கு நூல் கரையிலிருந்து இறங்கி, மாம்பழ மஞ்சள் உடலில் பரவிவிட்டது என்று ஒரு கல்யாணச் சேலை திரும்பி வந்தது. முனிரத்தினம் தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாகப் பேசினார். திட்டக்கூட இல்லை, சேலையைப் பிரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். தேவசகாயம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் எந்தச் சாயமானாலும் தோய்த்த நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் அவன் கையைவிட்டுப் போனதில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் பட்டறைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். டென்மார்க் தேசம். ஹென்ரிக் என்று பெயர். பட்டறையில் எல்லோரும் எண்ரிக்கு என்றார்கள். தறி, சாயம் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்தவர். மூன்று வாரம் தினமும் வந்து தேவசகாயத்தின் பக்கத்தில் ஆவிக்குள் நின்றார். இவனுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவன் பாஷை தெரியாது. எத்தனை தடவை அமிழ்த்த வேண்டும் என்பதை விரலில் காட்டுவான். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டு ஆவியில் நனைந்து சுருண்டுபோனது.

ஊருக்குக் கிளம்பிய அன்று அவர் ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து தேவசகாயத்தின் கையில் கொடுத்தார். கேன்வாஸ் துணி, அடியில் ரப்பர். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூ மாதிரி பாதத்தோடு நிற்காது, கணுக்கால் எலும்பை மூடிக்கொண்டு மேலே ஏறும். ஏழெட்டு ஜோடித் துளைகள், நீளமான கயிறு. பக்கவாட்டில் சின்ன வட்டமாகக் காற்றுத் துளைகள். சாயம் ஏறாத பருத்தியின் நிறம், கறந்த பாலில் ஒரு சொட்டு டீ விட்டது போல. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறானே என்று வேலைக்காகத்தான் கொடுத்திருப்பார். ஆனால் அந்த நிறத்தைப் பட்டறைத் தரையில் வைக்க தேவசகாயத்துக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் எடுத்துப் போட்டுப் பார்ப்பான். வேட்டியோடு போட்டால் கொக்கு பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது என்று அன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனிடம் இருந்த ஒரே பேன்ட் டெரிலின் பெல்பாட்டம். அந்தக் காலத்தில் இளவட்டம் எல்லாம் அதைத்தான் போட்டார்கள், யானைக்கால் மாதிரி கீழே விரிந்து தரையைக் கூட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனான். ஷூவை யாரும் பார்க்கவே இல்லை. பேன்ட் அதை முழுசாக விழுங்கிவிட்டிருந்தது.

அன்னம்மாள் முசரவாக்கத்துப் பெண். கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று அவளோடு சீதனமாக வந்திருந்தது. தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். எதைப் பார்த்தாலும் முதலில் தையலைப் பார்ப்பாள். அந்த வெள்ளைக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்து டீ குடித்தபோது அவர் போட்டிருந்த நீல பேன்ட்டின் தையலை அவள் பார்த்து வைத்திருந்தாள். இரட்டை ஓட்டம், மஞ்சள் நூல், பாக்கெட் மூலையில் செம்புக் குமிழ்.

"அந்த ஷூவுக்கு அந்த மாதிரி பேன்ட்டுதான் மாமா. அதுக்கு ஜீன்ஸுன்னு பேராம். கீழ கொழாய் மாதிரி நேரா எறங்குது பாரு, அதான் ஷூ தெரியுது."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆவிக்குள் நிற்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த நீலம்தான் வந்தது. மயில் கழுத்து தெரியும், ஆனந்தா நீலம் தெரியும், வெங்காயத் தோல் ரோஸ் தெரியும். ஆனால் எண்ரிக்கின் பேன்ட் நீலம் என்ன நீலம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. முழங்காலில் ஒன்று, தொடையில் ஒன்று, பாக்கெட் ஓரத்தில் வேறொன்று. பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம் ஒன்றில், விடிகாலையில் மணலும் நீரும் சேரும் இடத்தில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்த ஞாபகம். ஒரு நாள் கனவில் அவன் அந்த ஷூவும் அந்த பேன்ட்டும் போட்டுக்கொண்டு ஒரு நீளமான சாலையில் நடந்தான். இரண்டு பக்கமும் சிட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன, ஒன்றில்கூட நிறம் இல்லை. அவன் கடந்து போனதும் ஒவ்வொன்றும் நீலமானது. காலையில் அன்னம்மாளிடம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, வர்ற அமாவாசைக்கு மெட்ராஸ் போய்வரலாம் என்றாள்.

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது, சாயப்பட்டறையும் மூடியிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். ஷூவைத் துணிப்பையில் போட்டு அன்னம்மாள் மடியிலேயே வைத்திருந்தாள். ஷூ இல்லாமல் போய் பேன்ட் பார்ப்பது, சேலையில்லாமல் போய் ஜாக்கெட் துணி எடுக்கிற மாதிரி என்பது அவள் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது வெயில் ஏறியது. பூந்தமல்லி வருவதற்குள் தேவசகாயம் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். பிராட்வேயில் இறங்கி, கேட்டுக் கேட்டு பர்மா பஜாருக்கு நடந்தார்கள்.

ரங்கூனிலிருந்து திரும்பி வந்தவர்கள் வரிசையாகப் போட்டிருந்த கடைகள். ஃபாரின் டேப்ரிக்கார்டர், சென்ட், குடை, கடிகாரம். துணி வைத்திருந்த கடைக்காரர்களில் வீரபத்திரன் என்பவர்தான் இவர்களை உட்காரச் சொன்னார். ஜீன்ஸ் என்று கேட்டதும் ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். கப்பலில் வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போவது பாதி, புதுசு பாதி என்றார்.

தேவசகாயம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். ஐம்பது அறுபது பேன்ட், எல்லாம் நீலம், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கடுகைப் போலக் கறுத்திருந்தது ஒன்று. ஆகாயம் வெளுக்கும் நேரத்து நிறத்தில் ஒன்று. தொடையில் வெளுத்து மடிப்பில் கறுத்து, புகை படிந்த மாதிரி ஒன்று. கடையில் கூட்டம், சத்தம், பின்னால் ரயில். அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். வீரபத்திரன் பொறுமையான மனுஷர், டீ சொல்லி அனுப்பினார்.

அன்னம்மாள் வேலையில் இறங்கினாள். கீழே விரிகிறதையெல்லாம் தனியே ஒதுக்கினாள். அதில் முக்கால்வாசி மூட்டை போய்விட்டது. இடுப்பு பெரிசானது, ஜிப் போனது, தையல் விட்டது என்று இன்னும் கொஞ்சம் போனது. கடைசியில் மிஞ்சியது இரண்டு. ஒன்று பழசு. முட்டி இரண்டும் வெளுத்து, துணி ரவிக்கைத் துணியைப் போல மெத்தென்று ஆகியிருந்தது. இன்னொன்று புதுசு. மட்டை மாதிரி விறைப்பு, தரையில் நிறுத்தினால் நிற்கும். முழுசும் ஒரே கறுநீலம்.

கடை மூலையில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் போய் தேவசகாயம் முதலில் பழசைப் போட்டுக்கொண்டு வந்தான். அன்னம்மாள் கீழே உட்கார்ந்து ஷூவின் கயிறுகளை இழுத்துக் கட்டினாள். பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றது, அதற்குக் கீழே ஷூ முழுசாகத் தெரிந்தது. கடையில் இருந்த கண்ணாடி முகம் பார்க்கிற அளவுதான். அவனால் காலையும் தன்னையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அன்னம்மாள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

பிறகு புதுசு. நீளம் அதிகம், குதிகாலுக்குக் கீழே இரண்டு விரல் தொங்கியது. அவள் ஒரு மடிப்பு மடித்தாள். துணியின் உள்பக்கம் வெளிறிய நீலமாக ஒரு பட்டையாகத் தெரிந்தது. இன்னொரு மடிப்பு மடித்தாள். பட்டை ஷூவின் மேல் விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. கறுநீலம், அதற்குக் கீழே வெளிர்நீலம், அதற்குக் கீழே அந்தப் பால் நிறம். அவள் எழுந்து, பின்னால் நகர்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேவசகாயத்துக்கோ மனசு பழசின் மேல்தான். அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். புதுசில் அவன் வழக்கப்படி ஒரு சோதனை செய்தான். விரலை நாக்கில் நனைத்துத் துணியில் தேய்த்து, கைக்குட்டையில் ஒற்றினான். கைக்குட்டை நீலமானது.

"இது சாயம் நிக்காது அண்ணே" என்றான், பட்டறையில் சொல்கிற குரலில்.

வீரபத்திரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நிக்கக் கூடாது தம்பி. போறதுக்குன்னே போட்ட சாயம் அது. துவைக்கத் துவைக்கப் போய்க்கினே இருக்கும். அப்பதான் அதுக்கு அழகு வருது."

தேவசகாயம் அவரைப் பார்த்தான். வேடிக்கை பேசுகிறாரா என்று தேடுவது போல இருந்தது அந்தப் பார்வை. பன்னிரண்டு வருஷமாக நிறம் போகாமல் இருப்பதற்காகவே தினமும் விடியுமுன் எழுந்தவன். போவதற்காகவே உலகத்தில் எங்கோ ஒருவன் அண்டாவுக்கு முன்னால் நின்று தோய்க்கிறான் என்றால் அந்த ஆள் எப்படித் தூங்குவான் என்று நினைத்தான். பிறகு, நிம்மதியாகத் தூங்குவான் என்று தோன்றியது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் பழசைக் கீழே வைக்கவில்லை. ஒரே துணியில் எத்தனை நீலம் பாரு என்று அன்னம்மாளிடம் காட்டினான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெளுத்த இடத்தில் கையை வைத்தாள்.

"இது யாரோ ஒருத்தரோட முட்டி மாமா. எங்க மண்டி போட்டாரோ, எங்க உக்காந்தாரோ, நமக்கு இன்னா தெரியும்? இதை நீ போட்டா அவரு கதையைத்தான் போட்டுக்கினு சுத்துவ. புதுசை எடு. உன் முட்டியை வெச்சி நீயே வெளுக்க வை."

வீரபத்திரன், தங்கச்சி சொல்றதுதான் சரி என்றார். தேவசகாயம் முட்டி வெளுத்த இடத்தை இன்னொரு தடவை தடவினான். பழசை நீவி மடித்து மூட்டையின் மேல் வைத்தான்.

புது பேன்ட்டையும் ஷூவையும் கழற்றாமலே அவன் அங்கிருந்து நடந்தான். வேட்டி துணிப்பைக்குள் போயிற்று. பேன்ட் விறைப்பாக இருந்ததால் முழங்கால் மடங்க மறுத்தது. முதலில் நொண்டுகிறவனைப் போல நடந்தான். கடற்கரைக்குப் போகிற பஸ் ஏறும்போது கண்டக்டர் ஷூவை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றதும் நம்பாதவர் போல டிக்கெட்டைக் கிழித்தார்.

அன்னம்மாள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மணலில் இறங்கியவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். இருவரும் நீர் தொடும் இடம்வரை போய் நின்றார்கள். மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நகராமல் இருந்தது. அலை போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க, தேவசகாயத்துக்குப் பட்டறை ஆவிக்குள் நிற்கிற மாதிரியே ஆகிவிட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் தனியாகப் பார்க்கவில்லை. அன்னம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் வெளியில் வைத்து அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

பெரிய அலை ஒன்று வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. முழங்கால்வரை நனைந்தார்கள்.

மணலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தான். மடிப்பிலிருந்து நீலம் வடிந்து ஷூவின் மேல் விளிம்பில் இறங்கியிருந்தது. கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம். வளையத்திலிருந்து மெல்லிய நூல் நூலாகக் கீழே. அன்னம்மாள் பதறிப்போய் முந்தானையால் ஒற்றப் போனாள். அவள் கண்ணுக்கு அந்தத் திரும்பி வந்த கல்யாணச் சேலைதான் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் இவன் சாப்பிடமாட்டான் என்று பயந்துவிட்டாள்.

அவன் அவள் கையைத் தடுத்தான். தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேலே அடர்ந்து, நடுவில் இளைத்து, கீழே பால் நிறத்தில் கலந்துபோன நீலம். அதை அவன் வேண்டுமென்று தோய்த்தால் வராது. எந்த அண்டாவிலும் வராது.

"இருக்கட்டும் அன்னம். நல்லாத்தான் இருக்குது" என்றான்.

அன்று சாயங்காலம் அவன் இரண்டு பங்கு சாப்பிட்டான். சுண்டலும், மிளகாய் பஜ்ஜியும், திரும்பும் வழியில் பூந்தமல்லியில் பரோட்டாவும்.

ஊரில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. ஓரிக்கையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிளில் அவன் வரும்போது டீக்கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். மழைத் தண்ணியில் நடக்கப் பயந்து பேன்ட்டை மடித்திருக்கிறான் என்றார்கள். சர்ச்சில் பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பிரசங்கத்துக்கு நடுவில் அவர் பார்வை இரண்டு தடவை இவன் காலில் வந்து நின்றது. முனிரத்தினம் மட்டும் இவனை வெளிச்சத்தில் நிறுத்தி, குனிந்து, ஷூவில் இறங்கிய நீலத்தை வெகுநேரம் பார்த்தார். வேண்டுமென்று செய்ததா, தானாக வந்ததா என்று கேட்டார். தானாக வந்தது என்றான். அப்படியானால் நம்மால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேன்ட் வெளுக்க இரண்டு வருஷம் ஆனது. சைக்கிள் சீட் பட்டு ஒரு இடம். சீப்பு, தீப்பெட்டி எல்லாம் வைக்கிற பாக்கெட்டில் சதுரமாக ஒரு இடம். எழுபத்தாறில் பெண் குழந்தை பிறந்தது. அது வலது தொடையில்தான் ஏறி உட்காரும், அந்தத் தொடை இடதைவிட வெளுத்தது. துவைக்கும்போது அன்னம்மாள் ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்வாள். ஷூவின் ரப்பர் எழுபத்தேழில் பிரிந்துபோனது. தைக்கக் கொடுத்துப் பார்த்தான், நிற்கவில்லை. ஒரு வெயில் காலத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவன் பெரிதாக வருத்தப்படவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. துவைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த பேன்ட்டின் தையலைப் பார்த்துப் பார்த்து அன்னம்மாளுக்கு அது கைவந்துவிட்டது. துணியை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை ஓட்டம் ஓட்டுவது எப்படி என்று ஒரு பழைய கித்தான் துண்டில் தைத்துப் பார்த்தாள். பிறகு தன் தம்பிக்கு முரட்டுக் காடாவில் ஒரு பேன்ட் தைத்தாள், மஞ்சள் நூல் போட்டு. அதைப் பார்த்து அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தறிக்காரர் வீட்டுப் பையன்கள் வந்தார்கள். பெல்பாட்டம் கேட்டவர்களுக்கு பெல்பாட்டம், குழாய் கேட்டவர்களுக்குக் குழாய். மஞ்சள் நூல் இரட்டைத் தையல் மட்டும் எல்லோருக்கும் பொது. ஓரிக்கையில் ஒரு பெண்பிள்ளை ஆம்பளைக்குப் பேன்ட் தைக்கிறாள் என்று முதலில் சிரித்தார்கள். தையல் விடவில்லை என்றதும் சிரிப்பு நின்றது.

ஒரே ஒரு சங்கடம் அளவெடுப்பது. அந்நிய ஆண்களின் இடுப்பைச் சுற்றி அவள் எப்படி டேப் பிடிப்பாள்? அதனால் சாயங்காலம் தேவசகாயம் வந்த பிறகுதான் அளவு. அவன் வாசலில் ஆளை நிறுத்தி அளப்பான், நம்பரைச் சொல்வான், அவள் உள்ளே இருந்தபடி துணியில் சுண்ணாம்புக் கட்டியால் குறிப்பாள்.

எழுபத்தெட்டு ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், பேங்க்கில் வேலை பார்க்கிற பூவராகவன் என்பவர் வந்தார். வெளியே தூறல். தேவசகாயம் அவருடைய காலை அளந்தான். அளந்து முடித்த பிறகும் குந்திய இடத்திலேயே இருந்தான். பூவராகவனின் சட்டை என்னமோ ஒரு பச்சை. மழை வெளிச்சத்தில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அன்னம்மாள் எத்தனை என்று கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். பூவராகவன் சங்கடத்தோடு, "அண்ணே, நம்பரைக் கேக்கறாங்க" என்றார்.

தேவசகாயம் டேப்பைப் பார்த்தான். எந்த இடத்தில் விரல் வைத்திருந்தான் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அன்னம்மாள் சுண்ணாம்புக் கட்டியைக் காதில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். புருஷன் கையிலிருந்த டேப்பை வாங்கினாள். "நீ போய் டீ குடி மாமா" என்றாள். பிறகு பூவராகவனிடம் கையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி நம்பரைப் படித்தாள். எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அவள் திரும்பவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அவள் பதினேழு பேன்ட் தைத்தாள். அன்றிலிருந்து அளவெடுத்ததும் அவள்தான்.